பெயரிழந்த பானைகள்

செங்கடற் கரையில், எகிப்து நாட்டின் குசைர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில், பானையோடு ஒன்று ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தது. இங்கிலாந்து நாட்டுச் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் அது வெளிப்பட்டது. அவ்வோட்டின்மேற் கீறப்பட்டிருந்த தமிழி எழுத்துகளை அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டிய செய்தி 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'பானை ஒறி' என்பதே அவ்வெழுத்து. உறியில் வைத்துத் தொங்கவிடும் பானை என்பது அதன் பொருள். அதில் அரசன் பெயர் இல்லை. வணிகன் பெயரும் இல்லை. பொருளின் பெயரே பொருளின்மேல் எழுதப்பட்டிருந்தது. கடல் கடந்து சென்ற தமிழன் தன் பானையைப் பெயரோடு கொண்டு சென்றான்.

அத்தமிழனின் பிறங்கடைகள் இன்று தம் ஊரிலேயே, தம் மண்ணிலேயே, தாம் வனைந்த பானையைப் பெயரின்றி விட்டுவிட்டார்கள். வில்லியனூர்ச் சூளையில் வெந்து வெளிவரும் கலத்துக்கு இன்று கடைத்தெருவில் வழங்கும் பெயர் 'டெரகோட்டா'. இச்சொல் எங்கிருந்து வந்தது? இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'டெரா' என்றால் மண். 'கோட்டா' என்றால் சுட்டது. சுடுமண் என்னும் இரண்டு தமிழ்ச்சொற்களின் நேர்ப்பொருளன்றி அதில் அணுவளவும் கூடுதலாக ஏதும் இல்லை. இத்தாலியன் தன் தாய்மொழியில் 'சுடுமண்' என்றான். உலகம் அதனை ஏற்றது. தமிழன் தன் தாய்மொழியில் 'சுடுமண்' என்று சொல்லக் கூசினான். உலகம் அவன் சொல்லை அறியாமலே போயிற்று. திருக்கனூரில் காகிதக்கூழால் செய்யும் பொம்மைகளுக்கும் இதே நிலைதான். மென்று கூழாக்கிய தாள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே விளம்பரப் பலகையில் ஏறியது. காகிதக்கூழ் என்னும் எளிய சொல் இறங்கிப் போயிற்று.

கோடைப் பயிற்சி யாருக்கு? எம்மொழியில்?

கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு நிறுவனத்திற் சேர்ந்து தொழிற்பயிற்சி பெறுதல் வேண்டும் என்பது இன்று நாடெங்கும் வற்புறுத்தப்படுகின்றது. பல்கலைக்கழக நல்கைக் குழு 2022-ஆம் ஆண்டிறுதியில் வெளியிட்ட இளநிலைப் படிப்புக் கட்டமைப்பில் கோடைப் பயிற்சி ஒரு கூறாகவே வைக்கப்பட்டது. கருத்து நல்லதே. வகுப்பறைச் சுவருக்குள் மட்டும் கல்வி இல்லை என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. ஆனால், இப்பயிற்சிக்கு வில்லியனூர் மாணவன் எங்கே போவான்? பாகூர் மாணவி எங்கே போவாள்?

புதுச்சேரி நகரில் அரசு அருங்காட்சியகம் உண்டு. பாரதியார் வாழ்ந்த இல்லமும் பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த இல்லமும் நினைவில்லங்களாகக் காக்கப்பட்டு வருகின்றன. எல்லாம் நகரத்துள். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா, தென்னாட்டு ஊர்ப்புற வீடுகளைக் கல்லும் மரமுமாகப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பி நிறுத்திய பெருமுயற்சி. பயிற்சி மாணவர்களையும் அது ஏற்கின்றது. அதனைக் குறைகூற ஒன்றும் இல்லை. ஆனால் அது பாகூரிலிருந்து நூறு கல்லுக்கு ஏறத்தாழ வடக்கே உள்ளது. வழிச்செலவும் தங்குசெலவும் தந்தையின் கூலியில் அடங்காத மாணவனுக்கு முட்டுக்காடும் ஒன்றுதான், முனிச்சு மாநகரும் ஒன்றுதான்.

ஆகவே, எவருக்குப் பணம் உண்டோ, எவருக்கு ஆங்கிலம் நாவில் உருளுமோ, அவரே இத்தகைய பயிற்சிக்கு வருகின்றார். வந்தவர் என்ன செய்கின்றார்? குயவர் தெருவுக்குச் செல்கின்றார். படம் எடுக்கின்றார். ஓர் அம்மையார் மண் மிதிப்பதைப் பார்த்து வியக்கின்றார். மாலையில் அறைக்குத் திரும்பி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதுகின்றார்: 'மண்கலம், நடுத்தர அளவு, சிற்றூர்ப் பயன்பாட்டுக்குரியது.' அவ்வளவே! அக்கலம் தோண்டியா, கலயமா, சாலா, மிடாவா, மொந்தையா? எழுதவில்லை. கேட்டால்தானே எழுதுவதற்கு? கேட்டாலும் எழுத ஆங்கிலத்தில் சொல் இருந்தால்தானே? ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த கை, ஆங்கிலத்தில் உள்ள சொல் அளவுக்கே உலகத்தைச் சுருக்கிக்கொள்ளும். ஐந்து வேறு கலங்கள் ஐந்து வேறு வேலைக்கென்று வனையப்பட்டவை ஒரே 'பாத்திரம்' ஆகிவிடும். கலம் கண்ணாடிப் பேழைக்குள் போகும்; பெயர் குயவரோடு மண்ணுக்குள் போகும்.

பெயரில்லாத பொருளைக் காத்து வைத்திருப்பது பிணத்தைக் காத்து வைத்திருப்பதை ஒக்கும்.

அரிக்கமேட்டில் நடந்தது

இது புதிய நோயன்று. அரியாங்குப்பத்து ஆற்றங்கரை அரிக்கமேட்டின் வரலாற்றை எண்ணுக. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அறிக்கை 1946-இல் ஆங்கிலத்தில் வந்தது. 1947-48-இல் பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்தார். அறிக்கை 1949-இல் பிரெஞ்சு மொழியில் வந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் தலைமையில் அகழ்ந்தார்கள். அறிக்கை 1996-இலும் 2004-இலும் இரு தொகுதிகளாக மீண்டும் ஆங்கிலத்தில் வந்தது. உரோமானியர் மதுச்சாடியும், இத்தாலி நாட்டுச் செந்நிறக் கலமும், மணி செய்யும் தொழிலும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கிருந்து வெளிவந்தன. ஓட்டின்மேல் இருந்தது தமிழ். ஓட்டைப் பற்றி எழுதியது பிறமொழி. அவ்வறிஞர்கள் உழைப்பைத் தமிழர் என்றும் போற்றுவர். அவரவர் அவரவர் மொழியில் எழுதினார். அதில் குற்றம் என்ன? தம் மண்ணைத் தம் மொழியில் எழுதாத தமிழரிடமே குற்றம் உள்ளது.

கீழடியைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதன் அகழாய்வு நூலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வெளியிட்டது. உழவரும் ஓட்டுநரும் பள்ளிச் சிறுவரும் அதனை வாங்கிப் படித்தார்கள். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கீழடியைத் தமிழர் தம் வீட்டுச் செய்தியாகப் பேசுகின்றனர். அரிக்கமேட்டை அறிஞர் செய்தியாக விட்டுவிட்டனர். மண்ணில் வேறுபாடு இல்லை, மொழியில்தான் வேறுபாடு.

வில்லியனூரும் பாகூரும் வறிய ஊர்களா?

'அருங்காட்சியகம் வைக்க இச்சிற்றூர்களில் என்ன இருக்கின்றது?' என்று கேட்பார் உளர். கேட்பவர் கண்ணிலேதான் வறுமை.

பாகூர், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டிலேயே கல்விக்கூடம் பெற்றிருந்த ஊர். 9-ஆம் நூற்றாண்டின் அச்செப்பேடுகள், அக்கல்விக்கூடத்தின் வாழ்வுக்கென மூன்று ஊர்கள் விடப்பட்டதைச் சொல்கின்றன. ஏட்டின் ஒரு பகுதி வடமொழி. மற்றொரு பகுதி தமிழ். மன்னர் குலப் புகழ் வடமொழியில் மிதக்கின்றது. நிலத்தின் எல்லை தமிழில் நிற்கின்றது. புகழைப் பாட எம்மொழியும் போதும். நிலத்தை அளக்கவும், வாய்க்காலைக் குறிக்கவும், வரப்பைக் காட்டவும் மக்கள் மொழி இல்லாமல் முடியாது என்பதை அக்காலத்து ஆட்சியாளரே ஒப்புக்கொண்டதற்கு அவ்வேடு சான்று. அன்று ஒரு கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுக்க மனம் இருந்தது. இன்று பத்து இளைஞர்க்கு இரண்டு திங்கள் பயிற்சி கொடுக்க ஓர் அரசுக்குப் பணம் இல்லையா?

பாகூர் ஏரியைப் பாருங்கள். கரை, மதகு, மடை, தூம்பு, கலிங்கு, வாய்க்கால் என்று நீரின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல் வைத்தவர் தமிழ் உழவர். நீர் வெளியேறும் வழிக்கு ஒரு சொல்; மிகுநீர் வழிந்தோடும் இடத்துக்கு வேறு சொல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற அவ்வூர்க் களத்தில் நெல் அளந்த அளவைகளை எண்ணுக. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். உழக்கையும் மரக்காலையும் இன்று எத்தனை வீட்டிற் காணலாம்? பழைய இரும்புக் கடைக்குப் போனவை போக எஞ்சியவை பரணில் கிடக்கின்றன. கலப்பையின் மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு, ஏற்றத்தின் துலா, சால், இவற்றை உழுபொறி ஓட்டும் இளைஞன் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. பொறி வந்ததற்காக வருந்த வேண்டுவதில்லை. உழைப்பு குறைவது நன்றே. ஆனால் கலப்பையை அடுப்பில் வைக்குமுன் அதன் உறுப்புகளின் பெயரை எழுதி வைத்தவர் யார்?

வில்லியனூருக்கு வருக. சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள அவ்வூரின் சுடுமண் தொழில் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூர்க் கலைஞர் முனுசாமி 2020-ஆம் ஆண்டில் நடுவணரசின் தாமரைத்திரு விருது பெற்றார். மகிழத்தக்கதே. கைக்கு விருது கிடைத்தது. கைத்தொழிலோடு வாழும் சொல்லுக்கு என்ன கிடைத்தது? மண்ணைப் பிசைதல், மிதித்தல், திரிகையில் வைத்து வனைதல், தட்டுதல், உலர்த்துதல், சூளை அடுக்குதல், மூட்டுதல் என்று ஒவ்வொரு செயலுக்கும் வினைச்சொல் உண்டு. சுடுமுன் அது பச்சைப் பானை. அதற்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, தோள் உண்டு, வயிறு உண்டு. தன்னைப்போல் ஓர் உடம்பாகவே தமிழன் பானையைக் கண்டான். பானையை இருத்தப் பிரிமணை, தொங்கவிட உறி. எகிப்து மண்ணில் கிடந்த அவ்வுறியைச் சமையற்கட்டிற் கண்டவர் இன்று எத்தனைபேர்?

வில்லியனூர்ப் பகுதியிலேயே கீழூர் உள்ளது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள், பிரெஞ்சு ஆட்சியில் இருப்பதா இந்திய நாட்டோடு இணைவதா என்று மக்கட் பேராளர் 178 பேர் அங்குக் கூடி வாக்களித்தனர். இணைவுக்கு 170, எதிராக 8. நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. அன்று ஊர்த் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த பத்தகவைச் சிறுவன் இன்று எண்பதைக் கடந்தவன். அவன் வாய்மொழியைக் கேட்டெழுத இன்னும் எத்தனை கோடைகள் மிச்சம் உள்ளன? நினைவுத்தூணில் எண்கள் இருக்கும். தெருவின் பேச்சு இராது. அதைச் சொல்லும் நாக்கு அடங்கினால் அவ்வரலாறும் அடங்கும்.

கோடையே ஏற்ற காலம்

கோடைப் பயிற்சி என்பது மேலைநாட்டுப் பள்ளி விடுமுறையைப் பார்த்து வந்த ஏற்பாடாயினும், இம்மண்ணுக்கு அது தானாகவே பொருந்துகின்றது. மழைக்காலத்திற் சூளை எரியாது. பச்சைக் கலம் உலராது. ஏரி வற்றும் கோடையிலேதான் வண்டலும் களிமண்ணும் எடுக்க முடியும். குயவர் தொழில் முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணாரக் காண்பதற்குரிய பருவம் அதுவே. திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் பருவமும் அதுவே. கட்டியங்காரனும் பின்பாட்டுக்காரரும் அடவும் ஒப்பனையும் விடிய விடியக் கண்முன் நிற்கும். வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர் ஓடும்; தேரின் ஒவ்வோர் உறுப்புக்கும், வடத்துக்கும், முட்டுக்கட்டைக்கும் தச்சரிடமும் தேர் ஓட்டுவோரிடமும் சொற்கள் உண்டு.

கடற்கரைக்கும் இதுவே பொருந்தும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. பாகூர்ப் பகுதிக் கடலோரச் சிற்றூர்களில் மீனவர் வலை செப்பனிட்டு, படகு பழுது பார்த்துக் கரையிலே இருக்கும் காலம். கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலத்தில் ஏறி உலகெல்லாம் சுற்றிவந்தது. சொல் உலகை ஆள, பொருள் கரையில் மட்கிக்கொண்டிருக்கின்றது. கொண்டல், வாடை, கச்சான், தென்றல் என்று காற்றைத் திசையறிந்து பெயரிட்ட முதியவர்கள் ஓய்ந்திருந்து பேசக் கிடைக்கும் இரண்டு திங்கள் அவை. அவர்களிடம் சென்று உட்கார ஓர் இளைஞன் வேண்டும். எழுத ஓர் ஏடு வேண்டும். அவ்வேடு தமிழில் இருத்தல் வேண்டும்.

மறுப்போர் சொல்வன

'வெளிநாட்டார் வந்து பார்க்கும் இடம், ஆங்கிலம் வேண்டாமா?' என்பர். வேண்டும், இரண்டாவதாக வேண்டும். தமிழில் முழுமையாக எழுதியபின் அதனை ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பெயர்ப்பதற்கு எவரும் தடை சொல்லவில்லை. முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு அதனைத் தமிழ்ப்படுத்துகின்றார்களே, அங்கேதான் கேடு பிறக்கின்றது. தோண்டி ஆங்கிலத்தில் நுழைந்து, 'சிறிய மண்பாண்டம்' என்று தமிழுக்குத் திரும்பி வரும். தோண்டி போயிற்று, பாண்டம் வந்தது. ஒரு பொருளைத் தன் மொழியிலிருந்து பிறமொழிக்குக் கடத்தி, மீண்டும் தன் மொழிக்கே இறக்குமதி செய்யும் அறிவாளி இனம் வேறெங்கும் உண்டோ?

'ஆங்கிலப் பயிற்சியிருந்தால்தான் வேலை கிடைக்கும்' என்பர். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் நடுவண் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்குத் திருப்பப்பட்டபோதும் இதுவே சொல்லப்பட்டது. ஆங்கிலம் கற்பதற்குப் பத்து மாதப் பள்ளி போதாதா? இரண்டு மாதக் கோடையையாவது தமிழுக்கு விடக் கூடாதா? அன்றியும், ஒரு சிற்றூரின் தொழிற்சொற்களை ஒழுங்காகத் தொகுத்து, ஒலிப்பதிவு செய்து, படமெடுத்து, பதிவேடு அமைத்து, காட்சிப் பலகை எழுதத் தெரிந்த இளைஞன் எவ்வேலைக்குத்தான் ஆகாதவன்?

'சட்டம் இடம் கொடுக்குமா?' என்பாரும் உளர். 1965-ஆம் ஆண்டின் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக ஏற்றது. சட்டம் தடுக்கவில்லை; மனமே தடுக்கின்றது. ஊராட்சியின் பெயரையே பாருங்கள்: 'வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து', 'பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து'. முன்சொல் பிரெஞ்சு, பின்சொல் வடமொழி. இரண்டுக்கும் நடுவில் தமிழுக்கு இடம் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் எப்படியோ தப்பியது. தன் பெயரைத் தமிழில் எழுத மறந்த ஊராட்சி, பானையின் பெயரைத் தமிழில் எழுதுமா என்னும் ஐயம் நியாயமானதே. எழுதச் செய்வது மக்கள் கடமை.

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல்

பிறரை மட்டும் கடிந்து பயன் இல்லை. தனித்தமிழ் பேசும் அவைகளிலும் ஒரு சோம்பல் புகுந்துள்ளது. ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால், நிகண்டைப் புரட்டி, வேர் தேடி, ஒரு நாளிற் புதுச்சொல் ஆக்கிவிடுவர். ஆக்குக; வேண்டியதே. ஆனால் அச்சொல்லுக்கு ஈடான சொல் இரண்டு கல் தொலைவிலுள்ள கொல்லன் உலைக்களத்தில் நூறாண்டாக வழங்கிவருவதை அவருள் எத்தனைபேர் சென்று கேட்டனர்? ஏட்டுத் தமிழைக் காப்பவர், நாட்டுத் தமிழைக் கேளாமல் விட்டால், வேரை விட்டு இலைக்கு நீர் ஊற்றியவராவார்.

தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நான்காக வகுத்தபோது, வட்டாரத்துச் சொல்லுக்கும் செய்யுளில் இடம் தந்தார். அவர் தள்ளாததைத் தள்ள இவர்கள் யார்? மொழிஞாயிறு பாவாணர் சிற்றூர் மக்கள் வாய்ச்சொல்லிலே தமிழின் வேரைத் தேடியவர். கரிசல் மண்ணில் உழவராய்ப் பிறந்து, பள்ளிக் கல்வி மிகுதியாய் இல்லாத கி. இராசநாராயணன், 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். பின்னர்ப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் இருக்கை தந்தது. 2021-இல் மறையும்வரை அவர் புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். கரிசல் மண்ணுக்கு அவர் செய்ததைப் பாகூர் வண்டல் மண்ணுக்குச் செய்ய, அவர் வாழ்ந்த அதே புதுவையில், ஒரு பத்து இளைஞர் கிடைக்க மாட்டார்களா?

ஒன்று கருத்தில் இருத்துக. குயவர் வாயிலும் மீனவர் வாயிலும் அயற்சொல் கலந்தே வரும். பிரெஞ்சும் உருதும் போர்த்துக்கீசியமும் அங்கே இருக்கும். அவற்றைப் பயிற்சி மாணவன் அழித்து எழுதலாகாது. கேட்டது கேட்டபடி எழுதல் வேண்டும். பதிவு என்பது வேறு. திருத்தம் என்பது வேறு. நோயாளியின் நாடியைப் பிடிக்கும் மருத்துவன் அதனைத் தன் விருப்பப்படி எழுதிக்கொள்வதில்லை. உள்ளது உள்ளபடி எழுதிய ஏட்டிலிருந்தே நல்ல தமிழைத் தேர்ந்து ஆட்சிக்குக் கொணர முடியும்.

சிறிய இனங்கள் செய்து காட்டியது

சுவீடன் நாட்டில் ஆர்தூர் அசேலியசு என்னும் ஆசிரியர் சிற்றூர் வாழ்வின் பொருள்களைத் தொகுக்கத் தொடங்கி, 1891-இல் இசுட்டாக்கோம் நகரில் இசுகான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை அமைத்தார். மன்னர் வாளையும் முடியையும் வைக்கும் காலத்தில் அவர் உழவன் வீட்டைக் கொணர்ந்து வைத்தார்.

வேல்சு நாடோ ஆங்கிலத்தின் வாயருகே இருக்கும் நாடு. அங்குச் செயிண்ட் பேகன்சு என்னுமிடத்தில் 1948-இல் நாட்டுப்புற அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் முதற் காப்பாட்சியர் யோர்வெர்த் பீட், தம் தாய்மொழியாம் வேல்சு மொழிப் பாவலர். கலப்பையையும் கரண்டியையும் தொகுத்ததோடு அவர் அமையவில்லை. அவற்றைக் கையாண்ட முதியோரின் பேச்சையும் வட்டாரச் சொல்லையும் ஒலிப்பதிவு செய்வதும் அருங்காட்சியகத்தின் பணி என்று அந்நிறுவனம் வகுத்துக்கொண்டது. தமிழரைவிட எண்ணிக்கையிற் பன்மடங்கு சிறிய இனம் அது. அவர்களால் முடிந்தது, எட்டுக் கோடித் தமிழரால் முடியாதா?

வேண்டுவன

புதுச்சேரி அரசிடமும், 2006-இல் நடந்த தேர்தலுக்குப்பின் நெடுங்காலம் மக்கட் பேராளர் இன்றி ஆணையர்களால் நடத்தப்பட்ட ஊராட்சிகளிடமும், கல்லூரிகளிடமும் தமிழ் மக்கள் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: வில்லியனூரில் ஒன்றும் பாகூரில் ஒன்றுமாக, நாட்டுப்புறக் கலைக்கும் ஊர் வரலாற்றுக்கும் உரிய சிற்றருங்காட்சியகத்தை நடத்துக. மாளிகை வேண்டா, பயனற்றுக் கிடக்கும் ஓர் அரசுக் கட்டடம் போதும்.

இரண்டு: ஒவ்வொரு கோடையும் அப்பகுதிச் சிற்றூர் மாணவர்க்கே முதலிடம் கொடுத்துப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்க. பயிற்சி என்னும் பெயரால் கூலியில்லா வேலை வாங்கற்க. உதவித்தொகை கொடுக்க முடியாத பயிற்சி, பணமுள்ளவன் பிள்ளைக்கு மட்டுமே திறக்கும் கதவாகும்.

மூன்று: பயிற்சி தமிழிலும், பதிவேடு தமிழிலும், காட்சிப் பலகை முதலில் தமிழிலும் இருக்குக. ஒவ்வொரு பொருளுக்கும் ஊர்வழக்குப் பெயர், பிற பெயர்கள், உறுப்புப் பெயர்கள், செய்தொழில் வினைச்சொற்கள், அளவு, பயன், அதனோடு வழங்கும் பழமொழி, சொன்னவர் ஊர், கேட்ட நாள் ஆகியவற்றை எழுதுக, ஒலியையும் பதிக.

நான்கு: குயவரும் தச்சரும் மீனவரும் கூத்தரும் காட்சிப்பொருள்கள் அல்லர், ஆசிரியர்கள். அவர்களுக்கு ஆசிரியர்க்குரிய ஊதியமும் இருக்கையும் கொடுக்க. அவர்கள் ஒப்பினால், பொருளின் அருகே செய்தவர் பெயரையும் எழுதுக. அமைச்சர் பெயர் கல்லில் வெட்டப்படும் நாட்டில் வனைந்தவன் பெயர் தாளிலேனும் இருக்கட்டும்.

ஐந்து: ஒவ்வொரு கோடை முடிவிலும் தொகுத்த சொற்களைச் சிறு நூலாக அச்சிட்டு, அப்பகுதிப் பள்ளிகள் அனைத்துக்கும் வழங்குக. பத்துக் கோடைகளில் புதுவை வட்டாரத் தொழிற்சொல் அகராதி ஒன்று தானே எழுந்து நிற்கும்.

அரசு செய்யும்வரை கைகட்டி நிற்க வேண்டா. தமிழ் மன்றங்கள் வரும் கோடையில் ஐந்து மாணவரைத் தேர்ந்து, ஆளுக்கு ஒரு தெரு, ஒரு தொழில் என்று பகுத்து அனுப்புக. ஒரு குறிப்பேடும் ஒரு கைப்பேசியும் போதும். பொங்கலன்று மேடையில் முழங்கும் செலவில் பாதி இதற்கு ஆகாது.

தமிழரே! ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஓர் ஏழைத் தமிழன் தன் பானையின்மேல் பானை என்று எழுதினான். நூலாற் கற்றவனோ, தொழிலாற் கற்றவனோ, எவனாயினும் அவனுக்குத் தன் பொருளைத் தன் மொழியிற் சொல்ல நாணம் இருக்கவில்லை. அவன் எழுதியதால் எகிப்து மண்ணிலும் தமிழ் பிழைத்தது. வில்லியனூர் மண்ணில் அது பிழைக்க வேண்டுமாயின், எழுதுங்கள். வரும் கோடையிலேயே எழுதுங்கள். முதியவர் ஒருவர் மறையுமுன், சூளை ஒன்று அவியுமுன், எழுதுங்கள்!